கடலைப் பற்றிப் பேசக் கூடாது

ஜூன் 8, ஞாயிறு

ரேடியோவுக்கு என்று ஒரு லாக் புத்தகம் வைத்திருக்கிறேன். யார் வந்தார், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில், குரல் எப்படி விழுந்தது என்று மட்டும்தான் அதில் எழுதலாம். கனகசபை சார் பேசியே ஆளைக் கொல்கிறார் என்று எழுத அதில் கட்டம் கிடையாது. அதனால் இந்த டைரி. பங்குச் சாமியார் புத்தாண்டுக்குக் கொடுத்தது, ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது.

என் காலத்துக்குப் பிறகு யாராவது இதைப் புரட்டினால் புரியட்டும் என்று எழுதுகிறேன். நான் பிலோமினா, தங்கச்சிமடத்தில் பௌதிக டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிய சிலர் தினமும் காலை ஆறரைக்கு ஒரே அலைவரிசையில் கூடி, ஒருவர் பின் ஒருவராகப் பேசுகிறோம். இதற்கு நெட் என்று பெயர். அடுத்து யார் என்று சொல்லி ஒழுங்காக நடத்த ஓர் ஆள் வேண்டும். ஏழு வருடமாக அந்த ஆள் நான்.

இன்று கனகசபை சார் இடைத்தேர்தலுக்குள் நுழையப் பார்த்தார். "சிதம்பரத்துல வெயில் எப்படி சார்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வெயிலுக்கு வந்துவிட்டார். எங்கள் நெட்டில் இதுதான் வழக்கம். பேசக் கூடாததை யாராவது தொட்டால் நான் வெயில் கேட்பேன். கேட்டதும் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட வேண்டும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கட்சி, மதம், சாதி மூன்றும் எந்த ஊர் அமெச்சூருக்கும் ஆகாது. ரேடியோவில் சண்டை போட்டால் உலகமே கேட்கும், கேட்பவர் யார் என்று நமக்குத் தெரியவும் தெரியாது. நான்காவது ஒன்று நாங்களாகச் சேர்த்தது: கடல். எங்கள் நெட்டில் இந்தக் கரை ஆட்களும் உண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார்க் கரை ஆட்களும் உண்டு. யார் படகு எங்கே போனது, யார் வலை அறுந்தது என்று ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் நெட்டே இருக்காது.

ஜூன் 10, செவ்வாய்

மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து சூசைதாசன் ஆறு நாற்பதுக்கு வந்தார். வழக்கமாக ஆறு முப்பத்தைந்து. நான் காத்திருக்கவில்லை. லாக்கில் எழுத வேண்டியிருந்ததால் கவனித்தேன்.

அந்தப் பக்கம் மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்தவர். மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. மகன் சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறானாம். அதற்கு மேல் கேட்டதில்லை, கேட்டால் கடல் வந்துவிடும். இன்று ஆன்டெனாக் கம்பியில் காகம் ஒன்று தினமும் வந்து உட்காருவதைப் பற்றிச் சொன்னார். "அது என்ர காகம் எண்டு நினைக்குது போல டீச்சர், கலைச்சாலும் போகுதில்ல." இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கீரை நறுக்கும்போதும் சிரித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மைக்கை மாட்டுகிற கொக்கி உடைந்துவிட்டது. மகன் டெல்வினிடம் சொன்னேன். சரி என்றான். அவன் சரி என்றால் அடுத்த வருடம் என்று அர்த்தம்.

மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் நாம் பேசுவது ஊருக்குக் கேட்கும். அழுத்தியிருக்கும் வரை நமக்கு எவர் குரலும் கேட்காது. கையை எடுத்தால்தான் அடுத்தவர் பேசுவது காதில் விழும். கனகசபை சாருக்கு அந்தக் கையை எடுக்கத்தான் மனம் வராது.

நாளையோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. டெல்வின் வேலை பார்க்கிற விசைப்படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இரண்டு மாதம் வீட்டில் கிடந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்த பிள்ளை இன்று பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தான்.

ஜூன் 16, திங்கள்

படகுகள் போய்விட்டன. செபமாலை சொன்னேன். புளிக்குழம்பு.

ஜூன் 18, புதன்

சூசைதாசன் குரல் இன்று சரியில்லை. காகம் எப்படி இருக்கிறது என்று நானே கேட்டேன். அதற்குப் பதில் சொல்லவில்லை.

"டீச்சர், திங்கக்கிழமை ராத்திரி எங்கட பெடியன்ர வலை..."

"பேசாலையில வெயில் எப்படி?" என்று கேட்டேன்.

"வெயில்... வெயில் நல்லா இருக்குது டீச்சர்" என்றார். அத்தோடு விடைபெற்றுக்கொண்டார்.

நான் செய்தது சரிதான். அவர் என்பதற்காக விட்டால் நாளைக்குக் கனகசபை சார் தேர்தலோடு வந்து நிற்பார். ஆளுக்கொரு விதி வைத்துக்கொண்டு நெட் நடத்த முடியாது.

ரசத்தில் உப்பு போடவில்லை என்று டெல்வின் சொல்லித்தான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடி கடலுக்குப் போய்விட்டான்.

ஜூன் 19, வியாழன்

மனம் ஆறட்டும் என்று எழுதுகிறேன்.

நெட் நடந்துகொண்டிருந்தது. கனகசபை சார் தன் முட்டி ஆபரேஷனை ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் ஒரு கட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்துவிடலாம் என்று மைக்கை ஸ்டூலில் போட்டேன். முறத்தையும் அதே ஸ்டூலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் டெல்வின் கடலிலிருந்து வந்தான்.

"திங்கக்கிழமை எங்கடா போனீங்க?" என்று கேட்டேன்.

"எங்க போவோம்? மீன் இருக்கற எடத்துக்கு."

"அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம் என்னம்மா கெடக்கு? கல்லும் குப்பையும்தான். டீசல் காசு கூட வராது."

"அங்க வலை போட்டிருந்தாங்களா?"

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "அந்தப் பேசாலைக்காரரு சொன்னாராக்கும்" என்றான்.

"அவரு ஒண்ணும் சொல்லல. சொல்ல வந்தாரு, நாந்தான் சொல்ல விடல."

"அவருக்காக நாங்க பொழப்ப விட்டுட்டுக் கரையில குந்தணுமா? அவங்களுக்கு மட்டும்தான் வயிறு இருக்கா?" அவன் குரல் ஏறிவிட்டது. "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அப்பா செத்து நாலு வருசம்தான் ஆகுது. காலையில அந்த ஆளு குரலு கேக்கலன்னா உனக்குப் பொழுது விடிய மாட்டேங்குது. தெருவுல சிரிக்கிறாங்க."

அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை.

"ஆமாடா, விடிய மாட்டேங்குதுதான்" என்றேன். "அந்த மனுசன் வந்து பேசினாத்தான் எனக்கு அன்னைக்கு ஒரு நாளு. போதுமா? அவரு மகன் வலைய அறுத்துட்டு வந்து நிக்கிறியே, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அவருகிட்ட வெயில் கேப்பேன்?"

சாப்பிடாமல் வெளியே போய்விட்டான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கோபத்தில் வாய் என்னவெல்லாமோ பேசும், எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருக்க வேண்டும் என்று இல்லை.

முறத்தைத் தூக்கியதும் ரேடியோ இரைந்தது. ஒருவர் கூட இல்லை. நெட்டை முடித்து வைக்காமல், விடைபெறாமல், எல்லாரும் கலைந்துபோயிருக்கிறார்கள். ரேடியோவின் முதுகு தோசைக்கல் மாதிரி சுட்டது, உள்ளே இருக்கிற விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும். நாளைக்கு வைத்துக்கொள்கிறேன் இவர்களை.

ஜூன் 20, வெள்ளி

என்ன ஆயிற்று இவர்களுக்கு?

ஏன் நேற்று சொல்லாமல் கலைந்தீர்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். கனகசபை சார், "நேத்து ரேடியோ பேண்ட் ரொம்ப மோசம் டீச்சர், யாருக்கும் யாரையும் கேக்க முடியல" என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றார். அரை நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. தூத்துக்குடி ரூபன், "உடம்பப் பாத்துக்கிடுங்க டீச்சர், எதுன்னாலும் நாங்க இருக்கோம்" என்றார். நான் என்ன ஆஸ்பத்திரியிலா கிடக்கிறேன்?

பேசாலை வரவில்லை.

ஜூன் 21, சனி

வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

வரவில்லை. அந்தப் பக்கம் மின்சாரம் போயிருக்கலாம். லைன்மேன் வீட்டிலேயே மின்சாரம் இல்லை என்றால் வேடிக்கைதான்.

ஜூன் 25, புதன்

வரவில்லை. வலைக் கோபம் என்று நன்றாகத் தெரிகிறது. கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. சொல்ல வந்த மனிதரை நான்தான் வெயில் கேட்டு அனுப்பினேன். இன்னொரு நிமிடம் பொறுத்திருந்தால் குடி முழுகிப் போயிருக்காது.

ஏழு வருடத்தில் அவருடைய போன் நம்பரைக் கேட்டதில்லை. எதற்கு, தினமும்தான் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். நான்கு வருடம் முன்பு என் வீட்டுக்காரர் போனபோது அவர் ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. நான் திரும்பி நெட்டுக்கு வந்த முதல் நாள், என்னைப் பேச விடாமல் பப்பாளி மரம், கிணறு, பக்கத்து வீட்டு ஆடு என்று அவரே பேசி என் நேரத்தை நிரப்பினார். அழுகிற குரலை ஊர் கேட்க வேண்டாம் என்று அப்படிச் செய்தார். எனக்கு அது உடனே புரிந்தது.

டெல்வினும் நானும் சாப்பாடு, துண்டு, சாவி என்ற அளவில் பேசிக்கொள்கிறோம்.

ஜூன் 28, சனி

வரவில்லை. மாவரைக்க வேண்டும். தலையணை உறை துவைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

பார்சல் வந்தது. சிதம்பரத்திலிருந்து கனகசபை சார் அனுப்பியிருக்கிறார். உள்ளே மைக் மாட்டுகிற பித்தளைக் கொக்கி ஒன்று, இரண்டு திருகாணி. ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லை.

நல்ல கொக்கிதான். ஆனால் கொக்கி உடைந்ததை நான் நெட்டில் யாரிடமும் சொல்லவில்லையே.

மாலை

ஸ்டூலில் மைக்கை வைத்தேன். அதன் மேல் முறத்தை வைத்தேன். பேசப் பொத்தானை அழுத்தினால் எரிகிற சிவப்பு விளக்கு ரேடியோவில் எரிந்தது. முறத்தை எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது.

கனகசபை சாருக்குப் போன் போட்டேன்.

"சார், அன்னைக்கு வியாழக்கிழமை பேண்ட் எப்படி இருந்துச்சு?"

"மோசம் டீச்சர். ரொம்ப மோசம்."

"நான் எப்படி விழுந்தேன்?"

அவர் இருமினார். ரேடியோக்காரர் எதில் பொய் சொன்னாலும் குரல் எப்படி விழுந்தது என்பதில் பொய் சொல்ல மாட்டார்.

"பக்கத்து அறையில பேசற மாதிரி இருந்துச்சு" என்றார். "கத்திப் பார்த்தோம் டீச்சர். உங்க மைக் திறந்திருக்குன்னு ஆளாளுக்குக் கத்தினோம். உங்களுக்குத்தான் கேக்காதே. அப்புறம் கேக்கக் கூடாதுன்னு ஒவ்வொருத்தரா டயலைத் திருப்பிட்டுப் போயிட்டோம். நாங்க யாரும் ஒண்ணும் கேக்கல. அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கோம்."

"பேசாலை?"

"அவர் போனாரா இருந்தாரான்னு எனக்குத் தெரியாது. அதை நான் விசாரிக்கவும் கூடாது இல்லையா?"

போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். தரையில்தான் உட்கார்ந்தேன்.

ஜூலை 2, புதன்

நெட் நடத்தவில்லை. ரேடியோ மேல் துண்டைப் போட்டு மூடினேன். இந்த வயதில், இத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். வெட்கமாக இருக்கிறது.

டெல்வினிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது.

"அவரும் கேட்டாரா?"

"தெரியாது. அன்னையிலேருந்து வரல."

தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "மிதவைய நான் பாத்தேம்மா" என்றான். "லைட்டு கட்டியிருந்துச்சு. நாந்தான் முன்னாடி நின்னேன். டிரைவருகிட்ட ஒரு சத்தம் குடுத்திருந்தா திருப்பியிருப்பாரு. மீனு நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. வாயத் தெறக்கல."

அவனுக்கு மோர் ஊற்றினேன். தட்டை அவனே கழுவி வைத்தான். எழுந்து போகும்போது, "உன்னப் பத்திச் சொன்னது தப்பும்மா. தெருவுல யாரும் சிரிக்கல" என்றான்.

ஜூலை 5, சனி

கொக்கியை டெல்வின் சுவரில் அடித்துக் கொடுத்தான். கேட்காமலே.

நெட் நடத்துகிறவரே விதியை மீறினால் அதை நெட்டில் ஒப்புக்கொண்டு, நடத்தும் பொறுப்பிலிருந்து இறங்கிவிட வேண்டும். இதுவும் நான் வைத்த சட்டம்தான். நாளைக்குச் செய்துவிடுகிறேன். பேசாலை வருவார் என்பதற்காக இல்லை.

வந்தால் நல்லது. வர வேண்டும். இதை எழுதிவிட்டு அடிக்கலாம் என்று இருந்தேன், அடிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

முதல் பூசைக்குப் போகவில்லை. ஆறரைக்கு உட்கார்ந்தேன். டெல்வின் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான், போ என்று நானும் சொல்லவில்லை.

எல்லாரும் வந்தார்கள். பேசாலை மட்டும் இல்லை. பொத்தானை அழுத்திச் சொன்னேன்:

"போன மாசம் நம்ம விதிய நான் மீறிட்டேன். தெரியாமதான், ஆனாலும் மீறினது மீறினதுதான். என் வீட்டுச் சண்டையையும் கடலையும் நெட்டுக்குள்ள கொண்டுவந்தேன். இன்னையோட நடத்துற பொறுப்ப விட்டுடறேன். ஆனா அந்தச் சண்டைக்கு முந்தின நாளு பண்ணினது அதவிடப் பெரிய தப்பு. ஒருத்தர் மனசுல உள்ளதச் சொல்ல வந்தாரு. வெயில் கேட்டு அவரு வாய அடச்சேன். பேசாலை, நீங்க எங்கயாவது இருந்து கேட்டுக்கிட்டிருந்தா, இப்ப கேக்கறேன். உங்க மகன் வலை என்னாச்சு?"

கையை எடுத்தேன். இரைச்சல். யாரும் நடுவில் புகவில்லை. கனகசபை சார் கூட.

"இருக்கிறன் டீச்சர்."

அந்தக் குரல்தான்.

"ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். பொத்தான அமத்தத்தான் ஏலாமப் போச்சு. வலை கேட்டீங்கள். முக்கால்வாசி போயிட்டுது. மிச்சத்த வச்சுத் தைச்சுக் கொண்டிருக்கிறான் பெடியன், கடலுக்குப் போகேல்ல. கடுங்கோவத்தில இருக்கிறான். எனக்கும் கோவம்தான் டீச்சர், இல்லையெண்டு சொல்ல மாட்டன்."

டெல்வின் பக்கத்தில் வந்து நின்றான். "லைட்டு இருந்துச்சுன்னு சொல்லும்மா. திருப்பியிருக்கலாம்னு சொல்லு" என்றான் மெதுவாக.

லைசென்ஸ் இல்லாதவன் சொல்லும் செய்தியை எல்லை தாண்டி அனுப்ப எனக்கு அனுமதி இல்லை. அதனால் நான் சொல்வதாகவே சொன்னேன். "மிதவையில லைட்டு இருந்துச்சு. பாத்தும் திருப்பல. திருப்பியிருக்கணும். இங்கயும் வயித்துப்பாடுதான், ஆனா அது தப்புத்தான்."

"இதப் பெடியனிட்டச் சொல்லுறன்" என்றார். "வலை திரும்பாது. ஆனா ஒருத்தர் சொன்னது எண்டு ஒண்டு இருக்குதுதானே. சொல்லுறன்."

கட்சி, சாதி, மதத்துக்கெல்லாம் வெயில் கேட்ட நெட்டில் இன்று எவரும் வெயில் கேட்கவில்லை.

"டீச்சர், நான் வராததுக்கு வலை காரணமில்ல" என்றார் அவர். "மற்றாக்கள் மாதிரி அண்டைக்கு டயலத் திருப்பிக்கொண்டு போக எனக்கு மனம் வரேல்ல. கடைசிமட்டும் இருந்து கேட்டனான். கேட்டுட்டு, கேக்காத மாதிரி வந்து காகத்தப் பற்றிக் கதைக்க எனக்கு நடிக்கத் தெரியாது. கேட்டனான் எண்டு சொல்லுவம் எண்டா, அது நீங்க எனக்குச் சொன்ன கதையில்ல. என்ன செய்யிறது எண்டு தெரியாமத்தான் பேசாம இருந்தனான்."

பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், மகன் பக்கத்தில் நிற்கிறான். கையில் மைக்.

அப்போது கனகசபை சார் குறுக்கே வந்தார். "டீச்சர், நெட்டைப் பத்து கிலோஹெர்ட்ஸ் மேல, வேற அலைவரிசைக்கு நான் எடுத்துட்டுப் போறேன். எல்லாரும் அங்க வாங்க. என் முட்டியப் பத்திப் பாதியிலேயே நிக்குது, சொல்லி முடிக்கணும்."

ரூபன் விடைபெற்றார். அடுத்தவர் விடைபெற்றார். ஒவ்வொருவராக எனக்கும் பேசாலைக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வழக்கப்படி நான் எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

அலைவரிசையில் இரைச்சல் மட்டும் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. கையை எடுத்தால், அவரும் அதே நேரம் பேசியிருக்கிறார், வாக்கியத்தின் வால்தான் வந்தது. நான் சொன்னது அவருக்கும் கேட்டிருக்காது. பதறிப்போய் மறுபடி அழுத்தினேன். அவரும் அழுத்தியிருப்பார் போலிருக்கிறது, மறுபடி அதே கதை. பௌதிகம் சொல்லிக் கொடுத்தவள், புதிதாக லைசென்ஸ் வாங்கியவள் மாதிரி அழுத்துவதும் விடுவதுமாக இருந்தேன்.

மூன்றாவது தடவை அழுத்தப் போனபோது டெல்வின் என் கையைப் பிடித்தான்.

"விடும்மா" என்றான். "அவரு பேசட்டும்."

விட்டேன்.